வலப்பக்கம் விழுகிறவன்

பதினோரு வருஷம். ஏழு கிளப்.
களத்தில் நின்றது நாற்பத்து மூன்று ஆட்டம்.
அதில் ஒன்பது
முதல் கோல்கீப்பருக்கு விரல் பிசகியதால்.
ஒன்று, அவன் மாமியார் சாவுக்குப் போனதால்.

மற்றதெல்லாம் பெஞ்ச்.
ப்ளூம்ஃபொன்டெய்னில் ஜூலை மாதத்து அலுமினியப் பலகை
தொடை வழியாக எலும்புக்குள் ஏறும்.
போலோக்வானேயில் அதே பலகையில்
தோசை வார்க்கலாம்.
நான் கையுறையை மாட்டிக் கழற்றி மாட்டி
தொண்ணூறு நிமிஷம் ஓட்டுவேன்.
யாராவது நொண்டினால்
எழுந்து நிற்பேன்.
நொண்டல் சரியானால் உட்காருவேன்.
இதற்கும் சம்பளம் உண்டு, மாதக் கடைசியில்,
சில மாதங்களில்.

முதல் கிளப்பில் முழுப்பெயரும் அடித்தார்கள்.
படையாச்சி
ஒரு தோளில் தொடங்கி
மறு அக்குளில் முடிந்தது.
இரண்டாவதில் துணி போதாமல் 'பட'வோடு நிறுத்த
'படை' என்று படித்துக்கொண்டேன்.
ஒற்றை ஆள் படை, உட்கார்ந்தே போன படை.
மூன்றாவதிலிருந்து வெறும் பதினாறு.
ஐந்தாவதில், எனக்கு முன்னால் இருந்தவன் பெயரைப்
பிரித்தெடுத்த ஊசித் துளைகள்.
எண்ணிப் பார்த்தேன்.
என் பெயரைவிட நீளம்.

நான்காவது கிளப் என்னை விட்டது
ஹாரிஸ்மித் பெட்ரோல் பங்கில்.
பஸ் நின்றிருந்தது, பையன்கள் சிப்ஸ் வாங்கப் போயிருந்தார்கள்.
மேனேஜர் போனைக் காதில் வைத்தபடியே என் பக்கம் திரும்பி
சைகை காட்டினார்,
உன் பை கீழ் அடுக்கில் இருக்கிறது என்பதுபோல.
டர்பன் போகிற லாரியில் ஏறினேன்.
வான் ரீனன் கணவாயில் பனிமூட்டம்.
டிரைவர் கேட்டான், என்ன வேலை?
பிடிப்பது, என்றேன்.
மீனா?

சலோஷ்னிக்கு ஜேக்கப்ஸ் கார்மென்ட் பாக்டரியில்
நிரந்தர வேலை. காலர் தைப்பாள்.
வீட்டு வாடகை காலரில் வந்தது.

அப்புறம் உம்லாசி.
லுங்கெலோ ம்டுங்கே, வயது பத்தொன்பது,
முப்பது கஜத்தில் ஃப்ரீ கிக்.
வார்ம்-அப்பில் பார்த்து வைத்திருந்தேன்:
பத்தில் ஏழு அவன் அடிப்பது என் வலப்பக்கம்.
வலப்பக்கமே பாய்ந்தேன்.
பந்து இடப்பக்க மேல்மூலையில்.

பையன் பெல்ஜியம் போனான், ஜெர்மனி போனான்.
அந்த கோல் இப்போது ஒரு வங்கி விளம்பரத்தில்
நான்கு விநாடி.
அவன் முகம், வலை, கூட்டம்.
நடுவில் ஒரு முதுகு
துளைகளோடு விழுகிறது.

சாட்ஸ்வர்த்தில் டயர் கடை வைத்திருக்கிறேன்.
கல்லாவுக்கு மேலே டிவி.
காற்றடிக்க வருகிறவர்கள் சொல்வார்கள்,
அந்தக் கீப்பர் சுத்த வேஸ்ட்.
எவ்வளவு வைக்கட்டும், என்பேன்.
ரெண்டு பாயிண்ட் ரெண்டு, என்பார்கள்.

பந்து சுவரில் நின்ற காகிஸோவின் தோளில்
உரசித் திரும்பியது.
விளம்பரம் தொடங்குவது அதற்கு அப்புறம்.
காகிஸோ இப்போது போலோக்வானேயில் டாக்ஸி ஓட்டுகிறான்.
டிசம்பர் தோறும் போன் பண்ணுவான்.
டீசல் விலை பேசுவோம், பேரிங் பேசுவோம்.
ஒரு முறை வெகுநேரம் சும்மா இருந்தான்.
பின்சக்கரத்தில் சத்தம் வருகிறது, என்றான்.
கொண்டு வா, என்றேன்.
எழுநூறு மைல்.

மகனுக்கு ஆறு வயது. விளம்பரம் வரும்போதெல்லாம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவான்.
"இந்தத் தடவை இந்தப் பக்கம் போங்கப்பா."

உம்லாசி ஆட்டக் காசில் வாங்கிய வாஷிங் மெஷின்
இன்னும் ஓடுகிறது.
பிழியும்போது மட்டும் குலுங்கிக் குலுங்கி
வலப்பக்கமாக நகர்ந்துவிடும்.
சலோஷ்னி கையில் சோப்போடு வந்து
முழங்காலால் தள்ளி
இருந்த இடத்தில் வைக்கிறாள்.